சிந்தியது யார் கை?

புத்ராஜெயா நகரை நிருமாணிப்பதற்காகப் பிராங் பெசார் முதலிய நான்கு தோட்டங்கள் எடுக்கப்பட்டபின், அங்கே பால்மரம் சீவிய குடும்பங்கள் பல டெங்கில் தாமான் பெர்மாத்தாவில் குடியேறின. அருகிலேயே 1999இல் சைபர்ஜெயா திறக்கப்பட்டது. இவ்வட்டாரத்து அலுவலகங்களில் நம்மவருள் சிலர் மடிக்கணினியின் முன் அமர்கின்றனர்; சிலர் அஃது இருக்கும் மேசையைத் துடைக்கின்றனர்.

அம்மேசைமீது ஒரு குவளை தேநீர் கவிழ்கின்றதென வைத்துக்கொள்வோம். கவிழ்த்தவர் நிர்வாகியாயின் அது விபத்து, கிராணியாயின் கவனக்குறைவு, மேசை துடைக்கும் அம்மையாராயின் குற்றம்! பிறப்பினால் உயர்வு தாழ்வில்லையென மேடையில் முழங்குவோரும், பதவியைப் பார்த்துப் பிழைக்குப் பெயரிடுகின்றனரே, இஃது எந்த நியாயம் என்று கேட்கின்றோம்.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. ஈரம் பட்ட கணினிக்குள் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால் உலோகம் விரைவில் அரிக்கப்படும். தேநீரின் சர்க்கரையும் கெட்டிப்பாலும் உலர்ந்த பின்னும் உள்ளே ஒட்டிக்கொண்டு நாசம் செய்யும். ஆதலின் அக்கணமே மின்கம்பியைப் பிடுங்கி, கணினியை அணைத்து, நீர் வடியக் கவிழ்த்து வைத்து, பழுது பார்ப்பவரிடம் சேர்த்தல் வேண்டும். "உலர்ந்துவிட்டதா பார்ப்போம்" என்று மீண்டும் முடுக்குவதே பல கணினிகளுக்கு எமன். (அரிசி மூட்டைக்குள் புதைப்போரும் உளர். அவ்வரிசியைப் பொங்கித் தின்றாலாவது பசி தீரும்.)

ஆனால் அக்கணத்தில் அவ்வம்மையார் செய்வது யாது? சுற்றுமுற்றும் பார்த்து, மேலே மட்டும் துடைத்துவிட்டு, வாய் திறவாது போவார். சம்பளத்தில் பிடித்துவிடுவார்களே என்னும் அச்சம்! பாதி நாள் அக்கணினி ஈரத்தோடே ஓடும். பொய்மை தீது என்று அவருக்குப் போதிப்பது எளிது. உண்மை சொன்னால் வீட்டில் உலை கொதிக்காது என்ற நிலையை உண்டாக்கியவருக்குப் போதிப்பவர் யார்?

நிற்க. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, அச்சட்டம் அனுமதித்த வகையிலன்றி எவர் சம்பளத்திலும் பிடித்தம் செய்யலாகாது என்கின்றது. தோழர்கள் இதனை மனத்தில் இருத்துவார்களாக.

மறைப்பதிலும் பயனில்லை. பல கணினிகளின் உள்ளே, ஈரம் பட்டால் சிவக்கும் சிறு வெள்ளை ஒட்டுத்தாள் உண்டு. திறந்து பார்ப்பவருக்கு அது சாட்சி சொல்லும். ஆயின் எவர் கை சிந்தியதென்று சொல்லாது. அப்பொழுது எல்லார் கண்ணும் மேசை துடைத்தவர்மேல் திரும்புகின்றது. நிர்வாகியின் குவளையை எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை.