கருணையின் தொடக்கமும் தொடர்ச்சியும்

குற்றவாளிக்குச் சமுதாயம் அளிக்க வேண்டியது தண்டனை மட்டும்தானா?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள ஃபால்சம் சிறைச்சாலையில், 1968 ஜனவரி 13 அன்று, 'கன்ட்ரி' இசைப் பாடகர் ஜானி கேஷ் கைதிகள் முன்னிலையில் பாடினார். அங்கேயே பதிவு செய்யப்பட்ட அந்நிகழ்ச்சி இசைத்தட்டாக வெளிவந்து பெரும்புகழ் பெற்றது.

கைதிகளுக்கு அவர் உபதேசம் செய்யச் செல்லவில்லை. க்ளென் ஷெர்லி என்ற கைதி, அச்சிறையிலுள்ள வழிபாட்டுக் கூடத்தைப் பற்றி ஒரு பாடல் இயற்றியிருந்தார். முந்தைய இரவு அதைக் கற்றுக்கொண்ட கேஷ், ஷெர்லி முன்வரிசையில் அமர்ந்து கேட்க, அதைப் பாடினார். குற்றத்தால் மட்டுமே அறியப்பட்டிருந்த ஒருவர், அன்று தம் பாடலால் அறியப்பட்டார்.

கேஷின் உதவியுடன் 1971-இல் ஷெர்லி விடுதலை பெற்று, அவருடைய இசைக்குழுவிலும் சேர்ந்தார். ஆயினும் வெளியுலக வாழ்வு அவருக்கு வசப்படவில்லை. அவரது போக்கு அச்சமூட்டவே, கேஷ் அவரைக் குழுவிலிருந்து விலக்க நேர்ந்தது. 1978-இல் ஷெர்லி தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அப்படியானால் காட்டிய அன்பு வீண்தானா? அன்று. அந்த அன்பு உண்மையானது. ஆனால் ஒருவரால் மட்டும் சுமக்க இயலாதது. சிறைக்கதவு ஒரே நாளில் திறந்துவிடும். நெடுங்காலம் அடைபட்டிருந்த மனம் அவ்வாறு திறப்பதில்லை. அதற்குப் பலருடைய பொறுமையும், பல ஆண்டுத் துணையும் வேண்டும்.

வீழ்ந்தவரின் குரலுக்குச் செவிசாய்ப்பது கருணையின் தொடக்கம். கைதட்டல் ஓய்ந்த பின்னும் அவருடன் நடப்பதே அதன் நிறைவு. முன்னதை ஒரு பாடகர் செய்தார். பின்னது சமுதாயம் முழுவதன் கடமை.