முதலில் வருவது நஞ்சு



போன மாதம் கிளைக் கூட்டம் முடிந்து நான் கிளம்பும்போது, நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த ஒரு தம்பி கூப்பிட்டான். "அண்ணே, நான் விலகிக்கிறேன். வேலை செய்யறது நாலு பேரு, படத்துல நிக்கறது நாப்பது பேரு. வெறுத்துப் போச்சு" என்றான். வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஏற்கெனவே வெளியேறிவிட்டான். அன்று எனக்குப் பதில் வரவில்லை. இன்று சொல்கிறேன்.

நம் நாட்டுக் கடற்படையிடம் 'துனாஸ் சமுத்ரா' என்ற பாய்மரப் பயிற்சிக் கப்பல் இருக்கிறது. 1989-இல் இங்கிலாந்தின் லோவஸ்டாஃப்ட் நகரிலிருந்து வந்தது. துனாஸ் என்றால் தளிர். சமுத்ரா நமக்குத் தெரிந்த சமுத்திரம்தான். அதே வடிவத்தில் அதற்கு ஓர் அக்கா உண்டு, ஆஸ்திரேலியாவின் 'யங் எண்டெவர்'. அதில் பயணம் முடியும் தறுவாயில் இளைஞர்களே தங்களுக்குள் ஒரு கேப்டனைத் தேர்ந்தெடுத்து, ஒரு நாள் கப்பலை நடத்துவார்கள்.

எஞ்சின் இருக்கும்போது பாய் எதற்கு என்று கேட்கலாம். எஞ்சினை ஓட்ட ஒருவர் போதும். பெரிய பாயை ஒருவரால் ஏற்ற முடியாது. பயிற்சியே அதுதான்.

கல்லூரி நாளில் அதுபோன்ற ஒரு கப்பலில் நானும் சில நாள் இருந்தேன். மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ராத்திரியிலும் முறை வைத்துக் காவல் நிற்க வேண்டும். முதல் நாள் பாதிப் பேருக்கு வாந்தி. இரண்டாம் நாள் சண்டை. யார் தட்டுக் கழுவவில்லை, யார் காவலுக்கு எழவில்லை என்று ஆளாளுக்குக் கணக்கு. எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. மறுநாள் பாய் ஏற்றும்போது, 'எட்டுப் பேர் இழுக்கிறாங்களே, நான் கொஞ்சம் விட்டா என்ன' என்று பிடியைத் தளர்த்தினேன்.

கயிறு சர்ரென்று ஓடியது. எனக்கு முன்னால் நின்ற மலாய் நண்பன் விடாமல் பிடித்தான். அவன் உள்ளங்கையில் தோல் உரிந்துவிட்டது. யார் விட்டது என்று அவனுக்குத் தெரியும். திட்டவில்லை. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, "செகாலி லாகி" என்றான். இன்னொரு தடவை இழுத்தோம். பாய் ஏறியது. ராத்திரி அவன் தட்டை நான் கழுவினேன். அப்போதுதான் என்னால் மன்னிப்புக் கேட்க முடிந்தது.

பலர் சேர்ந்து கயிறு இழுத்த கதை நம்மிடமும் இருக்கிறதே! பாற்கடலில் மந்தர மலை மத்து, வாசுகி கயிறு. தலைப் பக்கம் அசுரர், வால் பக்கம் தேவர். பரம விரோதிகள், ஆனாலும் கயிறு ஒன்றுதான். இழுத்தார்கள். முதலில் அமுதமா வந்தது? ஆலகால விஷம்! எல்லோரும் பயந்து ஓடினார்கள்.

இங்கேதான் கவனிக்கணும். விஷம் வந்ததால் கடைந்தது தப்பு என்று ஆகிவிடவில்லை. நாலு பேர் சேர்ந்தால் உள்ளே கிடக்கும் பொறாமை, கோபம், சோம்பல் எல்லாம் முதலில் மேலே வரும். அதைக் கண்டு ஓடிவிட்டால் அமுதம் எப்படி வரும்?

சிவபெருமான் அமுதத்தில் பங்கு கேட்டவர் இல்லை. ஆனால் நஞ்சை ஏற்றார். துப்பவும் இல்லை, வயிற்றுக்குள் இறக்கவும் இல்லை. கண்டத்தில் நிறுத்தினார். பிரதோஷத்தன்று நாம் நினைத்துக் கும்பிடுவது அந்த நீலகண்டத்தைத்தான். அதன்பிறகு மறுபடி கடைந்தார்கள். அமுதம் வந்தது.

அதனால், "எல்லாத்தையும் பொறுத்துப் போ" என்று நான் சொல்ல வரவில்லை. மனக்குறையை விழுங்கினால் உன் மனசு புண்ணாகும். குழுவில் துப்பினால் கிளை புண்ணாகும். கொஞ்சம் நிறுத்தி, சொல்ல வேண்டியவரிடம் நேரில் சொல். நீ என்னிடம் சொன்னாயே, அதுதான் சரி. விட்டுப் போனதுதான் சரியில்லை.

மற்ற நாற்பது பேருக்கும் ஒரு வார்த்தை. நாம் பிடியைத் தளர்த்தும்போது கயிறு சும்மா நிற்பதில்லை. யாரோ ஒருவர் உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடுகிறது. போன வருஷத் திருமுறைப் போட்டிப் படத்தை எடுத்துப் பார்த்தேன். முன்வரிசையில் நான் நிற்கிறேன். அந்தத் தம்பி படத்திலேயே இல்லை. அப்போதும் எங்கேயோ நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்திருப்பான்.

தம்பி, அடுத்த கூட்டம் முடிந்ததும் நாற்காலி அடுக்க நான் நிற்பேன். நீயும் வா.

செகாலி லாகி.

சிவாய நம.