அரை நாள் காஞ்சி

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது மணி ஒன்பதரை. என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தே ஆட்டோக்காரர் கணக்குப் போட்டுவிட்டார். "பன்னெண்டுக்கு நடை சாத்திடுவாங்க சார். அதுக்குள்ள அஞ்சு கோயில் காட்டிடறேன். அப்புறம் பட்டுக்கடை." ஏகாம்பரநாதர், காமாட்சி, வரதராஜர் என்று விரல் மடக்கிக்கொண்டே போனவர், நான் கைலாசநாதர் என்றதும் உதட்டைப் பிதுக்கினார். "அங்க கூட்டமே வராது சார்." சுற்றுலாப் பட்டியல்கள் பெரும்பாலும் இந்த நியாயத்தில்தான் தயாராகின்றன. அவர் அதை ஒளிக்காமல் சொன்னார்.

எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று தவிக்கிறோம். ஆனால் நம் கைக்கு வரும் பட்டியலே பலமுறை அடித்துத் திருத்தப்பட்டதுதான். 7ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த சீனத் துறவி யுவான் சுவாங், சுமார் 100 பௌத்த விகாரைகளையும் 10,000 துறவிகளையும் குறித்து வைத்தார். பிற தெய்வங்களின் கோயில்கள் அவர் கணக்கில் 80தான். அந்த நூறில் ஒன்றையாவது காட்டுங்கள் என்றால் இன்று எந்த ஆட்டோ கிளம்பும்? மணிமேகலை வந்து சேர்ந்ததாகக் காப்பியம் சொல்லும் ஊரில் பௌத்தம் சில புத்தர் சிலைகளாகச் சுருங்கிவிட்டது. சமணத்துக்குத் திருப்பருத்திக்குன்றம் கோயில் மிஞ்சியிருக்கிறது. விதானத்தில் ஓவியங்கள் உண்டு. ஆட்டோக்காரரின் ஐந்து கோயில் கணக்கில் அதற்கு இடம் இல்லை.

கைலாசநாதர் கோயிலுக்கே போனேன். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் எழுப்பியது. மணற்கல் மழைக்கும் காற்றுக்கும் பொரிந்து உதிரும். உதிர்ந்த இடங்களில் பின்னால் வந்தவர்கள் பக்தியோடு சுதை அப்பியிருக்கிறார்கள். சில சிங்கங்களுக்கு இப்போது பல்லவ முகம் இல்லை. சுற்றுமதிலை ஒட்டி 58 சிற்றாலயங்கள். அவற்றில் சிலவற்றில் பூச்சுக்கு அடியில் ஓவியங்கள் இருப்பதை 1931இல் பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ரே கண்டறிந்தார். ஒன்றில் குனிந்து பார்த்தேன். சிவப்புக் கோடு வளைந்து போய்ச் சட்டென நின்றுவிடுகிறது. அதற்கப்பால் வெறும் சுவர். மூடி மறைத்த சுண்ணாம்புதான் இவ்வளவையாவது காப்பாற்றித் தந்தது என்றும் சொல்லலாம்.

முன்மண்டபத் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. காஞ்சியைப் பிடித்த சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் வெட்டுவித்தது. கோயிலின் செல்வத்தைக் கண்டான், எடுத்துக்கொள்ளாமல் கோயிலுக்கே கொடுத்துவிட்டான் என்பது செய்தி. பல்லவர்மேல் தலைமுறைப் பகையோடு படை நடத்தி வந்தவன் அவன். அவனுக்கும் நின்று பார்க்க நேரம் இருந்திருக்கிறது. எனக்கு முன்னால் வந்த குடும்பம் விமானத்தின் எதிரே நின்று படம் எடுத்தது. படம் சரியாக விழுந்ததா என்று பார்த்துக்கொண்டே வெளியேறியது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கல்வெட்டைப் படிக்கத் தெரியாமல், எழுத்துகளை விரலால் தொடாமல் தொடர்ந்துகொண்டிருந்தவன் நான்.

நடை சாத்தும் நேரம் நெருங்கியது. வெளியே ஆட்டோக்காரர் உண்மையான வருத்தத்தோடு நின்றிருந்தார்.

"நாலு கோயில் போச்சே சார்."

யுவான் சுவாங்கின் நூறையும் சேர்த்தால் நூற்று நான்கு. சொல்லவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

"கவலைப்படாதீங்க," என்றார். "பட்டுக்கடை மத்தியானமும் திறந்திருக்கும்."