கூத்தப்பிரான் திருநடனமும் அணுத்துகளின் இயக்கமும்

இக்காலத்துச் சைவமேடைகளில் அடிக்கடி கேட்கப்படும் கூற்றொன்று, கொல்லிமலை அறப்பள்ளீசுவரர் திருமுன் ஆடிப்பெருக்கிற் கூடிய அடியார்க்கும் எடுத்தோதப்பட்டது. ஜெனீவா நகரையடுத்த செர்ன் என்னும் ஆராய்ச்சி நிலையத்தார் நடராஜப் பெருமான் திருவுருவை நிறுவியமையின், துகளின் ஆட்டமே தில்லைக்கூத்தெனப் பௌதிக நூலார் உடன்பட்டனர் என்பதே அது. கேட்டோர் கைகொட்டினர். இக்கூற்றுச் சைவத்திற்கு ஆக்கமாமோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

திருவுருவம் ஆங்குளது உண்மையே. இந்திய அரசினர் நட்பின் அறிகுறியாக வழங்கிய அது, 2004 ஜூன் 18-இல் திறக்கப்பெற்றது. அதன்கீழ்ப் பொறித்த வாசகமோ, 1975-இல் நூலொன்று வெளியிட்ட காப்ரா என்பார் கூறிய உவமை. உவமை வேறு, அளந்து கண்ட முடிபு வேறு. 27 கிலோமீட்டர்ச் சுற்றளவுள்ள சுரங்கத்தில் புரோட்டான்களை எதிரெதிர் மோதவிட்டு அந்நிலையத்தார் கண்டு, 2012 ஜூலை 4-இல் அறிவித்த ஹிக்ஸ் துகள் போல்வனவே முடிபெனப்படும். (அதனையும் 'கடவுள் துகள்' என வழங்குவாருளர், அதன்பாற் கடவுட்டன்மை கண்டார் ஒருவருமிலர்.)

இனி அவ்வுவமையை நம் நூல்வழி நோக்குவாம். துடி படைத்தலையும், அபயகரம் காத்தலையும், தீ அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்குமென்பது உண்மை விளக்கம் பயின்றார் யாவரும் அறிந்ததே. துகள்கள் தோன்றி ஒடுங்குதலைத் துடிக்கும் தீக்கும் ஒருவாறு ஒப்புரைக்கலாம். திருவடியிரண்டிற்கும் ஒப்பு யாது? மறைப்பும் அருளும் உயிரின் மலபரிபாகம் நோக்கியன, அவற்றை அளக்குங் கருவி அச்சுரங்கத்தில் இல்லை, இருத்தல் வேண்டுமென்பதுமில்லை. முன்னை மூன்றுந்தாமும் உயிர்ப்பொருட்டு நிகழ்வனவன்றி வாளா நிகழ்வனவல்ல. துகளோ மாயாகாரியமாகிய சடம். சடத்தின் அசைவே திருக்கூத்தெனின், ஆட்டுவானொருவன் வேண்டாவென முடியும். அஃது உலகாயதன் கூற்றன்றோ? பதியைப் பாசத்துள் அடக்கும் உரைக்குச் சைவரே கைகொட்டுவது வியப்பு!

பௌதிகத்திற்கும் இதனால் இழுக்குண்டு. எல்லாம் நம் நூலில் முன்னரே உளவெனக் கேட்கும் மலைநாட்டு மாணவன், ஆகாயகங்கை அருவி வீழும் விரைவைத் தானே கணித்தறிய முயல்வானோ? காட்சியும் கருதலுமே அளவையாகக் கொண்ட அந்நூல், புதியது காணுந்தோறும் பழையதைத் திருத்திக்கொள்வது. பகுத்தற்கரியதெனப்பட்ட அணுவிலும் சிறிய எலெக்ட்ரானைத் தாம்சன் 1897-இல் கண்டார். அணுவின் கருவுள் நியூட்ரானைச் சாட்விக் 1932-இல் கண்டார். அத்திருத்தம் அதற்குப் பெருமையே. ஆகமவளவையால் தெளிந்த பொருளை அதன்மேற் சார்த்தியவர், அது மாறுங்காலத்துத் திருக்கூத்திற்கும் புத்துரை எழுதவேண்டிவரும்.

சைவமேடையிற் பௌதிகம் பேசுதல் கூடாதென்பது எம் கருத்தன்று. பேசுவிப்போர், அத்துறை பயின்ற பள்ளியாசிரியர் ஒருவரை அழைத்துப் பேசுவிக்க. அத்தகையோர் கொல்லிமலையிலும் உளர்.