வணக்கம் யாருக்கு?

பெருவெற்றி பெற்ற விளையாட்டு வீரர்கள் நாட்டின் தலைவரைக் கண்டு வாழ்த்துப் பெறுவது இன்று பல நாடுகளில் நிலவும் மரபு. அத்தலைவரின் கொள்கை தமக்கு உடன்பாடில்லையெனின் வீரர் செல்லலாமா? சென்றால் அது பணிவா, அல்லது பணிந்து போதலா? விளையாட்டைப் பற்றிய வினாதானே என்று இதனைத் தள்ளிவிடலாகாது. மரியாதை என்பது யாது என்னும் அறவினா இதனுள் அடங்கியுள்ளது.

சென்னை இளைஞர் குகேஷ் 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் சீன வீரர் டிங் லிரெனை வென்று, தமது 18ஆம் வயதில் உலகச் சதுரங்க வாகை சூடினார். அம்மாதம் 28ஆம் நாள் பெற்றோருடன் பிரதமரைக் கண்டு, தாம் வென்ற ஆட்டத்தின் பலகையை அளித்தார். அதில் அவருடைய கையொப்பத்துடன் தோற்றவரின் கையொப்பமும் இருந்தது. வெற்றி நாளிலும் எதிராளியை மறவாத அப்பண்பு போற்றத்தக்கது.

இத்தகைய சந்திப்பில் மதிக்கப்படுவது எது? நாம் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், வகுப்பறைக்குள் நுழைந்ததும் மாணவர் எழுந்து நிற்பர். அம்மரியாதை நம் பெயருக்கு உரியதன்று. ஆசிரியர் என்னும் பொறுப்புக்கு உரியது. நாம் ஓய்வு பெற்றபின் அடுத்து வந்தவருக்கும் அவ்வாறே எழுந்து நின்றனர். நம் காரைக்கால் 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு நிர்வாகத்திலிருந்து இந்திய நிர்வாகத்திற்கு மாறியது. அதற்குமுன் ஆளுநர் கடல் கடந்து அனுப்பப்பட்டார். இன்றோ பிரதமர் பதவி, நாம் வாக்களித்து அமைக்கும் மக்களவையின் வழியே உருவாகிறது. அதனை மதிப்பவர் தம்மையும், வேறு கட்சிக்கு வாக்களித்த அயலாரையும் மதிக்கின்றார்.

நம் பஞ்ச நமஸ்கார மந்திரத்தில் தனி ஒருவர் பெயரும் இல்லை. அருகர், சித்தர், ஆசாரியர், உபாத்தியாயர், சாதுக்கள் என்னும் ஐந்நிலையினரையே வணங்குகிறோம். ஆயினும் அந்நிலைகள் குணத்தால் எய்தப்படுவன. உலகப் பதவிகள் அத்தகையன அல்ல. ஆகவே பதவிக்கு மரியாதை உண்டு. கேள்வியற்ற வணக்கம் இல்லை.

மனம் ஒப்பாதவர் செல்லாதிருக்கலாம். 2012இல் பாஸ்டன் நகரப் பனி ஹாக்கி அணியினர் அமெரிக்க அதிபர் ஒபாமாவைக் காணச் சென்றபோது, கோல் காப்பாளர் டிம் தாமஸ் அரசின் போக்கில் தமக்குள்ள அதிருப்தியைக் கூறி விலகினார். எவரையும் இழித்துரையாமல் விலகி நிற்பது விநயத்துக்கு மாறன்று. நம் சமயம் விநயத்தை அகத்தவங்களுள் ஒன்றாகவும், மானத்தை நான்கு கஷாயங்களுள் ஒன்றாகவும் கூறுகிறது. விலகுவது மனச்சான்றினாலா, செருக்கினாலா என்பதை அவரவரே ஆராய்தல் வேண்டும்.

பதவிக்கும் கடமை உண்டு. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்ற ஜெசி ஓவன்ஸை அதிபர் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகைக்கு அழைக்கவில்லை. அவ்வாண்டு பங்கேற்ற 18 கறுப்பின வீரர்களின் குடும்பத்தார் அங்கு வரவேற்கப்பட்டது 80 ஆண்டுகள் கழித்து, 2016இல்தான்.

நம் நாட்டில் மல்யுத்த வீராங்கனைகள் பாலியல் தொல்லை குறித்து முறையிட்டனர். புகாருக்கு உள்ளானவருக்கு நெருக்கமான ஒருவரே பின்னர் கூட்டமைப்பின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். டோக்கியோவில் வெண்கலம் வென்ற பஜ்ரங் புனியா, 2023 டிசம்பர் 22 அன்று பிரதமரிடம் கடிதம் அளிக்கச் சென்றார். டெல்லியில் காவலர் தடுக்கவே, தம் பத்மஸ்ரீ பதக்கத்தை நடைபாதையில் வைத்துவிட்டுத் திரும்பினார். இது அவமதிப்பு என்றனர் சிலர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. பதவியின்மீது நம்பிக்கை அற்றவர் அதன் வாயிலை நாடிச் செல்லார். எவரையும் துன்புறுத்தாமல், தாம் பெற்ற உயரிய சிறப்பையே அவர் இழக்கத் துணிந்தார்.

வாகை சூடியவருக்குத் திறக்கும் வாயில், குறை கூற வருபவருக்கும் திறத்தல் வேண்டும். பெரியோர் முன் எழுந்து நிற்கவும், நின்றபடியே உண்மையைக் கூறவும் நம் பிள்ளைகளுக்கு ஒருங்கே கற்பிப்போமாக.