காத்த கைக்கு உரிமை உண்டா?

இடர்ப்பட்ட ஓர் உயிரைக் கண்டு இரங்கி எடுத்து, பாலூட்டி, குளிர் போக்கி, சாவினின்றும் மீட்ட ஒருவர் அவ்வுயிரைப் பின்னர்த் தம்முடையது என்று சொல்லிக்கொள்ளலாமா? நாயையும் பூனையையும் பற்றி நாம் கேட்கவில்லை. அவை பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனோடு வாழ்ந்து பழகியவை. காட்டில் பிறந்து காட்டுக்கே உரிய பிராணியைப் பற்றியது நம் வினா. மேலெழுந்தவாரியாக நோக்குவார்க்கு இதன் விடை எளிது போலத் தோன்றும். நெருங்கி நோக்கின் அவ்வளவு எளிதன்று. இதனை ஆராய நாம் எடுத்துக்கொண்டது நம் நாட்டில் இல்லாத ஒரு பிராணி, வட அமெரிக்காவின் ஒப்போசம். நம்மவர் அதனைக் கண்டிரார். ஆயினும் மனிதனுடைய இரக்கத்தை அதனைப்போல் பல வகையாலும் சோதிக்கும் பிராணி பிறிதொன்றை நாம் அறியோம்.

ஒப்போசம் பூனையளவினது. வெளுத்த கூர்முகம், மயிரற்ற காதுகள், எலிவாலைப் பெரிதாக்கினாற் போன்ற வெறும் வால், வாய் நிறைய 50 பற்கள். மெக்சிகோவுக்கு வடக்கே வாழும் பாலூட்டிகளுள் குட்டிகளை வயிற்றுப் பையில் வளர்ப்பது இஃதொன்றே. கங்காருவுக்குத் தூரத்து உறவு. கருவில் 12 அல்லது 13 நாள் மட்டுமே இருந்து பிறக்கும் குட்டி தேனீயின் பருமனே உடையது. கண் திறவாத அவ்வுயிர் தாயின் மயிரைப் பற்றி ஊர்ந்து சென்று, பைக்குள் புகுந்து, ஒரு முலைக்காம்பைக் கவ்விக்கொள்கிறது. காம்பு அதன் வாய்க்குள் பருத்துவிடுகின்றது. அதன்பின் ஏறத்தாழ இரண்டு மாதம் குட்டி அதனை விட்டு அகல்வதில்லை. காம்புகள் பெரும்பாலும் 13. பிறக்கும் குட்டிகளோ சிலபோது அதனினும் மிகுதி. காம்பு கிடையாத குட்டி மாள்கிறது. பையைவிட்டு வெளிவந்தவை தாயின் முதுகைப் பற்றிக்கொண்டு திரியும். தவறி விழுந்த குட்டியை எடுக்கத் தாய் திரும்பி வருவதில்லை. பிறந்து சுமார் 100 நாள் ஆனதும் ஒவ்வொன்றும் தன் வழியே பிரிந்து போய்த் தனித்து வாழத் தலைப்படுகிறது.

இப்பிராணி இரவில் உலவுவது. சாலையில் அடிபட்டுக் கிடக்கும் பிற உயிர்களின் பிணத்தைத் தின்ன வந்து, தானும் வண்டியில் அடிபட்டு மாள்வது. தாய் மாண்ட பின்னும் பைக்குள் குட்டிகள் உயிரோடு இருப்பதுண்டு. அதனை அறிந்த அமெரிக்கர் சிலர் வண்டியை நிறுத்தி இறங்கி, செத்துக் கிடக்கும் ஒப்போசத்தின் பையைத் திறந்து பார்க்கின்றனர். குட்டியைக் காம்பினின்றும் பிய்த்தால் அதன் வாய் புண்படும். ஆதலின் தாயின் உடலோடு சேர்த்தே எடுத்துச் சென்று, பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைக்கவேண்டும். நள்ளிரவில் நாற்றமெடுத்த ஒரு பிணத்தைத் துணியிற் சுற்றித் தம் வண்டியில் ஏற்றிச் செல்லும் அவர்களை வாயாரப் பாராட்டுகிறோம்.

இங்கே ஒரு சிறு விலகல். இப்பிராணியைக் காக்கவேண்டும் என்பார் பலர், அது மனிதனுக்குத் தீங்கு செய்யும் உண்ணிகளை ஆயிரக்கணக்கில் தின்றழிக்கிறது என்று கூறி வந்தனர். 2009ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியே அதற்கு ஆதாரம். 2021இல் வேறு இருவர், இலினாய் மாநிலத்து ஒப்போசங்கள் 32இன் வயிற்றைச் சோதித்தபோது ஓர் உண்ணியும் அகப்படவில்லை. இனி என்ன செய்வது? உண்ணியைத் தின்னாத ஒப்போசத்துக்கு இரங்க வேண்டுவதில்லையா? பயன் கருதிக் காட்டும் இரக்கம் இப்படித்தான் நடுவழியில் நின்றுவிடுகிறது. இது நிற்க.

மீட்கப்பட்ட குட்டியை வளர்ப்பது பொறுமைக்கு ஒரு தேர்வு. பைக்குள் இருக்கும் பருவத்துக் குட்டி காம்பை விட்டுப் பிரிந்துவிட்டால் சீசாப் பாலைச் சப்பிக் குடிக்க மாட்டாது. மெல்லிய குழாயொன்றை அதன் இரைப்பை வரை செலுத்தி, எடைக்கேற்ற அளவு பாலைச் சில மணிக்கொருமுறை இரவும் பகலும் ஊட்டவேண்டும். குழாய் தவறி மூச்சுப்பையில் புகுந்தால் உயிர் போய்விடும். தட்டில் நக்கிக் குடிக்கும் பருவம் வந்ததும் உணவைப் பற்றிய கவலை தொடங்கும். அன்பு மிகுதியால் இறைச்சியும் பழமுமாகவே கொடுத்து வளர்ப்பவர் வீட்டில், சுண்ணாம்புச் சத்துக் குறைந்து குட்டியின் எலும்பு வளைகிறது. நடக்கமாட்டாமல் இழுத்துக்கொண்டு திரிகிறது. பட்டினி போட்டவர் கையிலன்றி, வயிறாரக் கொடுத்தவர் கையில் நேரும் ஊனம் இது. அறிவு துணைநில்லாத கருணைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. முறையறிந்தவர்கள் குட்டிகளை ஒன்றோடொன்று சேர்த்தே வளர்ப்பர். வளர வளரக் கையால் தொடுவதைக் குறைப்பர். சில வாரம் வெளிக்கூண்டில் வைத்து வெயிலையும் மழையையும் அறியச் செய்வர். மூக்கு நுனி முதல் வால் தொடங்கும் இடம் வரை 7 அல்லது 8 அங்குலம் வளர்ந்ததும், அந்தி வேளையில் காட்டோரத்தில் விட்டுவிடுவர். தாய் கற்றுக்கொடுப்பது மிகக் குறைவாகையால், மனிதர் வளர்த்த ஒப்போசமும் தானே இரை தேடிப் பிழைக்க வல்லது.

விட்டுவிட மனம் வராதவர் இங்கேதான் வாதிடத் தொடங்குகிறார். அவர் வாதத்தை நாம் இகழ்ந்து தள்ளுவதற்கில்லை. “காட்டில் இதன் ஆயுள் ஓராண்டு அல்லது ஈராண்டு. நாயும் கோட்டானும் வண்டியும் இதற்கு எமன். வடபகுதிப் பனியில் இதன் காதும் வாலும் கருகி உதிரும். என் வீட்டிலோ நான்காண்டு வரை வாழக்கூடும். சாவென்று அறிந்தே சாவின் வாயில் விடுவது எவ்வகை அறம்?” என்று அவர் கேட்கிறார். உயிரைக் காத்தல் தலையாய அறம் என்று கொள்ளும் நம்மனோர் இவ்வினாவை எளிதில் கடந்து போக முடியாது.

எனினும் இவ்வாதத்தை அது செல்லும் எல்லை வரை கொண்டு போய்ப் பார்ப்போம். ஆண்டுக் கணக்கே அளவுகோல் என்றால், காட்டிலுள்ள ஒப்போசங்கள் அனைத்தையும் பிடித்துக் கூண்டில் அடைப்பதன்றோ பேரறம்? அங்ஙனம் செய்யவேண்டும் என்று அவரும் சொல்லார். தம் மடியில் வளர்ந்த ஒன்றுக்கு மட்டுமே அந்த நீண்ட ஆயுளை வேண்டுகிறார். அவ்வொன்று ஏனையவற்றினும் எவ்வாற்றால் வேறுபட்டது? பிராணியின் இயல்பில் வேற்றுமை யாதுமில்லை. அவர் அதற்குப் பால் கொடுத்தார், பெயரிட்டார், பிரிய மாட்டாதவர் ஆனார்; வேற்றுமை அவ்வளவே. ஆகவே ஆயுளைப் பற்றிய வாதம் போலத் தோன்றியது, உண்மையில் பிரிவைப் பற்றிய அச்சமாக முடிகிறது. அவ்வச்சம் இழிந்ததன்று, மனிதர்க்கு இயல்பானது. ஆயினும் அதன் விலையைப் பிராணி செலுத்தவேண்டும் என்பது நியாயமாகாது.

விசுத்திமக்கம் இயற்றிய ஆசாரியர் புத்தகோசர், மைத்திரிக்கு இரு பகைகள் உண்டென்று பிரித்துக் காட்டினார். வெறுப்பு தூரத்துப் பகை. பற்று அண்டைப் பகை. வெறுப்பு எதிரில் நின்று வருவதால் அதனை அடையாளம் காண்பது எளிது. பற்றோ அன்பைப் போலவே உடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் குடியிருப்பது. ஒப்போசத்தைத் தடியால் அடிப்பவன் தான் செய்வது இன்னதென்று அறிவான். அதனைத் தன் படுக்கையில் உறங்கவைத்துக் கொள்பவன் தான் செய்வதை அறிவது அரிது. பௌத்த நாடுகள் சிலவற்றில், விடுதலை செய்வதால் வரும் புண்ணியத்தின் பொருட்டே பறவைகளைப் பிடித்துக் கூண்டிலிட்டு விற்பதும், பக்தர்கள் அவற்றை வாங்கிப் பறக்கவிடுவதும் நடைபெறுகின்றன. விடுவிக்கும் செயலுக்குள்ளும் இப்பற்று புகுந்துகொள்ளக்கூடும் என்பதனால் இதனையும் சொல்லிவைத்தோம்.

பிராணிக்கு நம்மீது அன்பு உண்டாகிவிட்டதே என்பர். ஒப்போசத்தின் செய்தியில் இதனை நம்பத் தயங்கவேண்டும். வளர்ந்த ஒப்போசம் தன் இனத்தோடும் கூடி வாழ்வதில்லை. தனித்துத் திரிவதே அதன் இயல்பு. அச்சம் மேலிட்டால் பல்லைக் காட்டிச் சீறும். அதுவும் பயன்படாவிடில் வாயில் எச்சில் வழிய, பின்புறத்தில் நாற்றமுள்ள பச்சை நீர் கசிய, செத்தாற்போல் விழுந்துவிடும். சில நிமிடம் முதல் சில மணி நேரம் வரை அப்படியே கிடக்கும். அது நினைத்துச் செய்யும் நடிப்பன்று, அதனை மீறி உடலில் நேர்வது. இத்தகைய பிராணி ஒருவர் கையில் அசையாது இருக்கும்போது அதனை அன்பு என்று படிப்பவர், தம் மனத்தில் எழுதியிருப்பதையே படிக்கிறார். வெதுவெதுப்பும் உணவும் தருபவரை அது அறிந்துகொள்ளும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மனிதனிடத்தும் நாயிடத்தும் அதற்கு இருந்த அச்சத்தைப் போக்கிவிட்டால் அதன் ஒரே கவசத்தைக் கழற்றிவிட்டோம். அதன்பின் அதனை வெளியே விடவும் இயலாது, அந்நிலையைக் காட்டியே “இனி இதனை எப்படி விடுவது?” என்று கேட்பதும் முறையாகாது.

அமெரிக்காவில் காட்டுப் பிராணியை வீட்டில் வைத்துக்கொள்வதைச் சில மாநிலங்கள் அறவே தடுக்கின்றன. சில மாநிலங்கள் உரிமச் சீட்டின்பேரில் அனுமதிக்கின்றன. சட்டம் இருப்பது நன்றே. ஆனால் சட்டத்தின் கையும் சிலபோது கொல்லும் கையாகிவிடுகிறது. நியூயார்க் மாநிலத்தில் தாயை வண்டியில் இழந்த ஓர் அணிற்குட்டியை ஒருவர் எடுத்து வளர்த்தார். ஒருமுறை வெளியே விட்டதாகவும், அது பாதி வால் இழந்து திரும்பியதாகவும் அவர் கூறினார். அதன்பின் ஆண்டுக்கணக்கில் அது வீட்டினுள்ளேயே வாழ்ந்து, படங்களின் வாயிலாக ஊரறிந்த அணிலாயிற்று. உரிமச் சீட்டு இல்லை. 2024 அக்டோபர் 30ஆம் நாள் அதிகாரிகள் வந்து அதனையும், உடனிருந்த ரக்கூன் என்னும் பிராணியையும் கைப்பற்றினர். அணில் ஓர் அதிகாரியைக் கடித்ததென்று காரணம் கூறி, வெறிநோய்ச் சோதனைக்காக இரண்டும் கொல்லப்பட்டன. அச்சோதனை மூளையை எடுத்தே செய்யப்படுவது. நோய் இல்லை என்று பின்னர் முடிவு வந்தது.

இதில் எவரைக் குறைகூறுவது? உரிமச் சீட்டு இல்லாத குற்றம் மனிதருடையது. உயிரைக் கொடுத்தது அணில். குற்றம் செய்தவனை விட்டுக் குற்றப்பொருளை அழிப்பது, களவுபோன நகையை உருக்கிவிடுவது போன்றது. அதிகாரிகள் செய்தது நம் கருத்தில் தவறு. ஆனால் வீட்டுச் சுவருக்குள் அத்தனை ஆண்டு வளர்ந்த அணிலை, கையுறை அணிந்த அந்நியர் முன் நிறுத்தியதில் வளர்த்தவரின் அன்புக்கும் பங்குண்டு.

நம் நாட்டில் நேர்ந்த ஒன்று இதனினும் சிக்கலானது. உத்தரப் பிரதேசத்து அமேதி மாவட்டத்தில், 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கால் ஒடிந்து வயலில் கிடந்த சாரசக் கொக்கு ஒன்றை ஓர் உழவர் எடுத்துவந்து மருந்திட்டுக் குணப்படுத்தினார். கூண்டும் இல்லை, கயிறும் இல்லை. நலமடைந்த கொக்கு பறந்து போகும், திரும்பி வரும், அவர் வண்டியில் செல்ல அது மேலே பறந்து தொடரும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி, 2023 மார்ச்சில் வனத்துறையினர் அதனைச் சரணாலயத்துக்கு எடுத்துச் சென்றனர். அது அங்கே நிலைகொள்ளாது வெளியேறிப் பக்கத்து ஊரில் அகப்பட்டது. பின்னர்க் கான்பூர் விலங்குக் காட்சிச்சாலைக் கூண்டில் அடைக்கப்பட்டது. ஏப்ரலில் அவ்வுழவர் காணச் சென்றபோது, கூண்டுக்குள் சிறகடித்துக் குதித்தது. போகத் தடையில்லாத உயிர் தானே வந்தது. காட்டு உயிர் காட்டில் வாழவேண்டும் என்ற சட்டம் அதனைக் கூண்டில் கொண்டு வைத்தது. இங்கே நாம் உழவர் பக்கமே நிற்கிறோம். வளர்த்தவரா வளராதவரா என்று பாராமல், கதவு திறந்திருந்ததா என்று பார்க்கும் சட்டம் வேண்டும். ஒப்போசத்தைக் கண்ணாடி மாடத்துக்குள் வைத்திருப்பவர் இந்தக் கொக்கைத் தமக்குச் சான்றாகக் காட்ட முடியாது.

திரும்பிப் போகவே இயலாத பிராணிகள் எஞ்சி நிற்கின்றன. வட கரோலினா மாநிலத்தில் தாயற்றுக் கிடைத்த ஓர் ஒப்போசம் கடல் கடந்து டென்மார்க்குக்கும், அங்கிருந்து 2010இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து விலங்குக் காட்சிச்சாலைக்கும் சென்றது. ஹைடி என்று பெயர். அதன் இரு கண்களும் மூக்கை நோக்கிச் சாய்ந்திருந்தன. கண்களின் பின்னே கொழுப்புத் திரண்டதே காரணம், இளமையில் தகாத உணவால் வந்திருக்கலாம் என்றனர். அம்மாறுகண்ணே அதனைப் புகழ்பெறச் செய்தது. பாட்டு வந்தது, பொம்மை வந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சிக்காகத் திரைப்படப் பரிசு யாருக்கு என்று குறிசொல்லவும் அது பயன்பட்டது. முதுமையும் நோயும் மேலிட, 2011 செப்டம்பர் 28ஆம் நாள் அதன் வாழ்வை மருத்துவர் முடித்துவைத்தனர். அதற்கு வயது மூன்றரை. நேசித்தோர் பல இலட்சம் பேர். நேசிக்கப்பட்டதோ ஓர் ஊனம்.

கால் இழந்ததும், எலும்பு வளைந்ததும், கண் மங்கியதுமான ஒப்போசத்தைச் சாகும் வரை வைத்துக் காப்பது கடமையே. அதனை நாம் எவ்விதத்தும் மறுக்கவில்லை. பகலில் ஒளிந்துறங்க இருண்ட பெட்டி, இரவில் ஏறித் திரியக் கிளை, எலும்புக்கு ஏற்ற உணவு, வேடிக்கை பார்ப்போர் வாராத அமைதி இவை அதற்கு வேண்டும். பெயர் வைக்கலாமா என்று கேட்பின், வைக்கட்டும் என்போம். பிராணி அதனைப் பொருட்படுத்தப் போவதில்லை.