ஓயாத ஒலி

மோட்டார் உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்றது தில்லியின் காஷ்மீரி கேட். அங்கே வாங்கிய புதிய பிஸ்டன், பேரிங் ஆகியவற்றைப் பொருத்திப் புதுப்பித்த பெட்ரோல் என்ஜினிலும் சில வேளைகளில் ‘டக் டக்’ என்ற ஒலி ஓய்வதில்லை.

அனுபவமிக்க மெக்கானிக் பதறுவதில்லை. என்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு சிலிண்டரின் ஸ்பார்க் பிளக் இணைப்பையும் முறையே நீக்கி உற்றுக் கேட்கிறார். எதை நீக்கியதும் ஒலி குறைகிறதோ, குறை அங்கேதான். பிரித்துப் பார்த்தால், ஒரு கனெக்டிங் ராடின் மூடி மற்றொன்றில் மாட்டப்பட்டிருக்கும். ராடும் மூடியும் ஒன்றாகச் சேர்த்துக் கடையப்பட்ட ஜோடி. மாறிவிட்டால் துளை சரியான வட்டமாக அமையாது. அப்படியே ஓட்டினால் பேரிங் தேய்ந்து, ராடு முறிந்து, என்ஜினே பிளந்துவிடக்கூடும்.

நாமும் ஊரை மாற்றுகிறோம், வேலையை மாற்றுகிறோம், ஜபமாலையைக்கூட மாற்றுகிறோம். உள்ளத்தின் இரைச்சல் ஓய்வதில்லை. ஏன்? ஒன்றன் தன்மையை மற்றொன்றின்மீது ஏற்றுவதே ‘அத்யாசம்’ என்று பிரம்மசூத்திர பாஷ்யத்தின் தொடக்கத்திலேயே ஸ்ரீசங்கரர் விளக்குகிறார். உடல் தளர்ந்தால் ‘நான் தளர்ந்தேன்’ என்கிறோம். மனம் கலங்கினால் ‘நான் கலங்கினேன்’ என்கிறோம். இதுவே இடம் மாறி மாட்டிய மூடி.

சாதகன் புதிய பொருள்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. ‘இது நானா?’ என்று ஒவ்வொன்றாக விலக்கி, பொறுமையுடன் உற்றுநோக்கட்டும். அனைத்தையும் விலக்கியபின் எஞ்சி நிற்கும் சாட்சியே அவன்.